தங்குமிடமும் சமூக உறவுகளும்: கொழும்புக்கு வந்துபோன தமிழர் பற்றிச் சில குறிப்புகள்

பெருநகரொன்றுக்கு வரும் ஒருவன் அந்நகரின் எப்பகுதியிலே தங்குவது என்று தீர்மானிப்பது, மேலோட்டமாக நோக்குமிடத்து, அவனது வசதியையும் கைப்பணத்தையும் பொறுத்த தனிமனித விவகாரமாகவே தோன்றும். எமது நகர வரலாறுகளும் இதனை அவ்வாறே கருதி ஒதுக்கிவிட்டன. அவை நகரிலே நிலைகொண்டோரின் வரலாறுகள். வணிகர், நிருவாகிகள், காணிச் சொந்தக்காரர் ஆகியோர் அவற்றிலே பேசப்படுவர். பத்து நாளோ பத்து மாதமோ தங்கிச் செல்பவன் பேசப்படுவதில்லை. ஆயினும், ஒரு நகரம் தன்னிடத்து வருவோரை எங்கே இறக்கி எங்கே உறங்கவைக்கிறது என்பதை ஆராய்ந்தால், அந்நகரின் உற்பத்தி உறவுகளும் அதிகார உறவுகளும் வேறெங்கும் இல்லாத தெளிவுடன் புலப்படுகின்றன. கொழும்பை உதாரணமாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழிலக்கிய மாணவனுக்கு இப்பிரச்சினை புதிதன்று. சிலப்பதிகாரத்திலே கோவலனும் கண்ணகியும் மதுரையை அடைந்தபொழுது அவர்களை எதிர்நோக்கிய முதற்கேள்வி இதுவே. கோவலன் வணிகன். அவனது தந்தையின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நகரத்து வணிகர் அவனை விருந்தினனாக ஏற்றுக்கொள்வர் என்பதைக் கவுந்தியடிகள் எடுத்துக் கூறுகிறார். அவ்வாறு செல்வர் மனை புகும்வரைக்குமென்றே ஆயர்குலத்து மாதரியிடம் கண்ணகி அடைக்கலமாக ஒப்படைக்கப்படுகிறாள். ஆனால் அந்தச் செல்வர் மனையிலே கோவலன் புகவேயில்லை. தன் வர்க்கத்தாரின் வீடொன்றிலே தங்கி, அவர்களுள் ஒருவன் துணைவரச் சிலம்பை விற்கச் சென்றிருப்பானாயின் பொற்கொல்லனின் சொல் அவ்வளவு இலகுவாக எடுபட்டிருக்குமா? ஊழ்வினையைக் கொண்டே இக்காப்பியத்தை விளக்கிவந்த உரைமரபு இவ்வினாவை எழுப்பவில்லை. நகரத்திலே தனக்காகச் சாட்சி சொல்ல ஒருவருமில்லாத அந்நியனாகக் கோவலன் கடைவீதிக்குச் சென்றான் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. தங்குமிடம் என்பது கூரை மட்டுமன்று. தங்குபவன் இன்னான் என்பதற்கு அது சாட்சியுமாகும்.

இனிக் கொழும்புக்கு வருவோம். ஒல்லாந்தர் 1656இலே கைப்பற்றிய கொழும்பு, கோட்டை என்றும் அதற்கு வெளியேயமைந்த புறக்கோட்டை என்றும் பிரிந்து கிடந்தது. புறக்கோட்டை அக்காலத்திலே ஒல்லாந்த வமிசத்தினர் குடியிருந்த பகுதி. இன்றைய சந்தடிமிக்க கடைத்தெருவாக அதனை மாற்றியது 19ஆம் நூற்றாண்டின் வர்த்தகப் பொருளாதாரமே. பிரித்தானியர் 1796இலே நகரைக் கைப்பற்றினர். 1867இலே கண்டிக்குப் புகையிரதப் பாதை எட்டியதும், 1869இலே சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், அதே ஆண்டளவிலே கோட்டை மதில்கள் இடிக்கப்படத் தொடங்கியதும், 1875 முதல் 1885 வரை அலைதடுப்பணை கட்டப்பட்டதும் ஒரே வரலாற்று இயக்கத்தின் கூறுகளாகும். பெருந்தோட்ட விளைபொருளை ஏற்றுமதி செய்யும் துறைமுக நகராகக் கொழும்பு உருவாயிற்று. காலித் துறைமுகம் தன் முதன்மையை இழந்தது.

இவ்வுருவாக்கம் வருவோரையும் தரம்பிரித்தது. கப்பலிலிருந்து இறங்கும் ஐரோப்பியப் பயணிக்கு இறங்குதுறையின் எதிரிலேயே 1875இலே கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல் திறக்கப்பட்டது. கடலோரத்திலே 1864 முதல் கோல்பேஸ் ஹோட்டல் இருந்தது. அவனது விருப்பத் தெரிவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இறங்கியவன் ஐரோப்பியனல்லாத பெருமகனாயின் கறுவாத்தோட்டத்துப் பங்களாவொன்று அவனுக்காக ஒழுங்குசெய்யப்படும். 1897 தைமாதம் கொழும்பிலே வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர் ஊர்வலமாக அழைத்துச் செல்லப்பட்டுத் தங்கவைக்கப்பட்டது அப்பகுதியிலேதான். அவரை வரவேற்ற சைவ உயர்குழாத்தினரின் இருப்பிடம் எதுவென்பதை அது காட்டுகிறது.

செட்டியார் தெருவுக்கு வந்த நகரத்தார் நிலை வேறு. அவர்களுக்குக் கிட்டங்கி இருந்தது. பகலிலே கணக்குப் பெட்டியும் பேரேடும் விரிக்கப்பட்ட அதே கூடத்திலே இரவிலே பாய் விரிக்கப்பட்டது. தொழிலும் துயிலும் ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தமை, குறித்த சில ஆண்டுகள் தங்கிப் பொருளீட்டி ஊர் திரும்பும் வட்டிமுதலின் இயல்புக்குப் பொருந்துவதாயிருந்தது. புறக்கோட்டையிலே யாழ்ப்பாணத்து முதலாளிமார் வைத்திருந்த சுருட்டுக்கடைகளும் பலசரக்குக் கடைகளும் ஏறத்தாழ இவ்வாறே இயங்கின. முதலாளியின் ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட பையன் கடைக்குள்ளேயே உண்டு கடைக்குள்ளேயே படுத்தான். அவனுக்கு வேலைநேரம் என்ற ஒன்று இருக்கவில்லை. படுக்க இடங்கொடுத்தவனே கூலியும் கொடுப்பவன் என்ற நிலையிலே, கூலி பற்றிக் கேள்வி கேட்பது படுக்கையையும் இழப்பதாக முடியும்.

ஆயினும் இலங்கைக்கு வந்த தமிழருள் மிகப் பெருந்தொகையினர் கொழும்பைக் காணவேயில்லை என்பதை இவ்விடத்திலே கூறியாக வேண்டும். 1914இலே தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டபின், தோட்டத் தொழிலாளர் தென்னிந்தியக் கரையிலிருந்து தலைமன்னாரிலே இறங்கி, கங்காணியின் மேற்பார்வையிலே மலைநாட்டு லயங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எங்கே தங்குவது என்ற வினா அவர்களிடம் கேட்கப்படவில்லை. கொழும்பிலே தங்க நேர்ந்த தென்னிந்தியத் தொழிலாளருக்கு, துறைமுகத்தை அண்டிய கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி போன்ற பகுதிகளின் நெருக்கமான குடியிருப்புகளும், நகரசுத்தித் தொழிலாளருக்கென ஒதுக்கப்பட்ட வரிசை அறைகளுமே கிடைத்தன.

யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தினரின் வருகை 1905க்குப் பிற்பட்டது எனலாம். அதற்கு முன்னரும் பலர் வந்தனர். எனினும் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமைபெற்ற அவ்வாண்டின் பின்னரே இலிகிதர் உத்தியோகம் ஒரு கிராமத்தின் பொருளாதார அடித்தளமாக மாறக்கூடியதாயிற்று. ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று பின்னர் பெயர்பெற்றது இதுவே. உத்தியோகம் கோட்டையிலே; வாடகை குறைந்த இருப்பிடம் தெற்கிலே. 1870களிலேயே அமைக்கப்பட்டுவிட்ட கரையோரப் புகையிரதப் பாதை இரண்டையும் இணைத்தது. வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் யாழ்ப்பாணத்தவரின் பகுதிகளானமைக்கு மாதாந்தப் பருவச்சீட்டு ஒரு முக்கிய காரணம் என்று நான் கருதுகிறேன். கோயிலும் மரக்கறிக் கடையும் பின்னரே வந்தன.

இளம் இலிகிதர்கள் சேர்ந்து வாழ்ந்த ‘சம்மரி’ என்னும் அமைப்பு தனியே ஆராயத்தக்கது. ஆங்கிலேய இளநிலை உத்தியோகத்தர் குடியேற்ற நாடுகளிலே கூட்டாக வீடெடுத்து வாழ்ந்த முறையையும் அதற்கான சொல்லையும் யாழ்ப்பாணத்தவர் எடுத்துக்கொண்டனர். ஆனால் உள்ளடக்கம் முற்றிலும் வேறு. ஒரு சம்மரியிலே இருந்தோர் பெரும்பாலும் ஓரூரவர், அல்லது மணவுறவு கொள்ளத்தக்க அயலூரவர். ஊரிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கோ, வைத்தியத்துக்கோ, இடமாற்ற விடயமாகத் திணைக்களத்துக்கோ வருபவன் கைக்கடிதத்துடன் அங்கேயே வந்திறங்குவான். அவன் வாடகை கொடுப்பதில்லை. ஒடியலும் பனங்கிழங்கும் முருங்கைக்காயும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கொண்டுவருவான். (யாழ்ப்பாணத்தின் தலைசிறந்த மாம்பழத்துக்குக் கொழும்பின் பெயர் ஒட்டியமை வேறொரு கதை.) பண உறவு ஆட்சிசெய்யும் நகரின் நடுவே, பணம் புழங்காத கடப்பாடுகளின் அடிப்படையிலே ஒரு தங்குமிட அமைப்பு நிலைபெற்றிருந்தது. இதனை ‘ஊர்ப்பாசம்’ என்று மகிழ்ந்து எழுதுவோர் உளர். நிலமானிய உறவுகள் முதலாளித்துவ நகரிலே தம்மைப் புதுப்பித்துக்கொண்ட வகை என்று கூறுவதே பொருத்தமாகும்.

ஏனெனில் அக்கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. வாசலிலே கேட்கப்படும் முதற்கேள்வி “தம்பி எவ்விடம்?” என்பது. ஊர்ப்பெயர் சொல்லப்பட்டதும் “ஊரிலே எந்தப் பக்கம்?” என்ற அடுத்த கேள்வி வரும். அதன் பொருள் யாவருமறிந்ததே. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பட்டதாரிக்கும் வெள்ளவத்தையின் பல அறைகள் இவ்விரண்டாம் கேள்வியோடு மூடப்பட்டன. அவனுக்குப் புறக்கோட்டையிலும் மருதானையிலும் நாட்கூலிக்கு அறை கொடுத்த விடுதிகளே புகலிடமாயின. யாழ்ப்பாணத்திலே தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும், 1968இலே மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்கும் போராட வேண்டியிருந்த காலத்திலே, காசைக் கொடுத்தால் கட்டிலும் குவளையும் கொடுத்த அவ்விடுதி முற்போக்கானதொரு நிறுவனமாகவே இருந்தது. பண உறவு மனிதனை அந்நியனாக்குகிறது. அந்நியனாக இருப்பதே விடுதலையாக அமையும் சந்தர்ப்பங்களும் உண்டு. எமது முற்போக்கு எழுத்தாளர் சிலர் கிராமத்தின் கூட்டுவாழ்வை நகரத்துத் தனிமைக்கு எதிராக நிறுத்தியபொழுது இதனைப் போதியளவு சிந்தித்தனரா என்பது ஐயத்துக்குரியது.

முற்போக்காளரின் குருட்டிடம் பற்றிக் கூறும்போது இன்னொன்றையும் மறைத்தல் நேர்மையாகாது. சிலிநாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா 1929, 1930ஆம் ஆண்டுகளிலே கொன்சல் பதவி வகித்துக் கொழும்பிலே வாழ்ந்தார். ஐரோப்பியர் வட்டாரத்தை விட்டொதுங்கி வெள்ளவத்தைக் கடற்கரையிலே வீடெடுத்தார் என்பதை அவரது அடியார் பலர் பெருமையுடன் கூறுவர். அவ்வீட்டின் மலவாளியை அகற்ற நாள்தோறும் வந்த தமிழ்ப் பெண்ணை அவர் பலாத்காரம் செய்தார். 1974இலே வெளிவந்த அவரது நினைவுக்குறிப்பு நூலிலே அவரே அதனை எழுதியிருக்கிறார். அப்பெண்ணின் பெயர் அவருக்குத் தெரியாது, எமக்கும் தெரியாது. வெள்ளவத்தை எத்தகைய இடம் என்று நாம் எழுதும் வரலாற்றிலே, அவ்வீட்டு முன்வாசலால் ஒருநாளும் வந்திராத அவளும் இடம்பெற வேண்டும்.

யாழ்தேவி 1956 சித்திரையிலே ஓடத் தொடங்கியது. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேற்றப்பட்டது அதே ஆண்டு ஆனி மாதத்திலே. பயணம் இலகுவாகிய அவ்வாண்டே பயணத்தின் நோக்கம், அதாவது அரசாங்க உத்தியோகம், ஒடுங்கத் தொடங்கிற்று. 1958இலும் 1977இலும் நடைபெற்ற வன்செயல்களின்பின் வெள்ளவத்தையிலே திரண்டிருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1983 ஆடியிலே அந்த எண்ணம் தகர்ந்தது. வாக்காளர் பட்டியல்களைக் கையிற்கொண்டு வந்தோருக்குத் திரட்சியே வழிகாட்டியாயிற்று. ஆயிரக்கணக்கானோர் அகதி முகாம்களிலே தங்கியபின் கப்பலேறி வடக்கே சென்றனர்.

ஆனால் அதன்பின் நிகழ்ந்தது பலரும் எதிர்பாராதது. 1990இலே யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றுபோயிற்று. போர் பெருகப் பெருகக் கொழும்புக்கு வருவோர் தொகையும் பெருகியது. வந்தோர் உத்தியோகத்துக்காக வரவில்லை. விசாவுக்காக, முகவருக்காக, வெளிநாட்டிலிருக்கும் மகனின் தொலைபேசி அழைப்புக்காக, உண்டியற் பணத்துக்காகக் காத்திருந்தனர். கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜுகள் பெருகின. சம்மரியின் இடத்தை லொட்ஜ் பிடித்துக்கொண்டது. ஊர்க் கடப்பாடு பின்தள்ளப்பட்டது. நாளொன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு வந்தது. முன்னர் ஒடுக்கப்பட்ட சாதியினனுக்கு மட்டும் உரியதாயிருந்த அந்நியன் என்ற நிலை இப்பொழுது எல்லாச் சாதியினர்க்கும் பொதுவாயிற்று. “எவ்விடம்?” என்ற பழைய கேள்வியும் தொடர்ந்தது, இம்முறை கேட்டவர் பொலிசார். வந்தவர் பொலிசிலே பதியவேண்டும். வந்த காரணம் கூறவேண்டும்.

2006 ஆவணியிலே ஏ-9 பாதை மூடப்பட்டதும் குடாநாட்டிலிருந்து வந்தோர் திரும்பிச் செல்வதும் எளிதன்றாயிற்று. லொட்ஜிலே தங்குவோர் தொகை கூடியமைக்கு அரசின் இந்நடவடிக்கையே ஒரு நேரடிக் காரணம். 2007 ஆனி 7ஆந் திகதி அதிகாலையிலே கொழும்பின் லொட்ஜுகள் சோதனையிடப்பட்டு, 376 தமிழர் பேருந்துகளிலே ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். தக்க காரணமின்றிக் கொழும்பிலே தங்கியிருக்கிறார்கள் என்பது கூறப்பட்ட நியாயம். மறுநாள் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல்செய்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அனுப்பப்பட்டோரிற் சிலர் மீண்டனர்.

அவ்விரவிலே யார் ஏற்றப்பட்டனர், யார் ஏற்றப்படவில்லை என்பது இக்கட்டுரையின் பொருளுக்கு நெருங்கிய வினாவாகும். சோதனைக்கு இலக்கானவை லொட்ஜுகள். கறுவாத்தோட்டத்திலே சொந்த வீட்டிலிருந்த தமிழர் துயில் கலையவில்லை. ஐந்து நட்சத்திர ஹோட்டலிலே தங்கிய தமிழ் விருந்தாளியிடம் தக்க காரணம் கேட்கப்படவில்லை. அவனது கட்டணமே தக்க காரணம். இன ஒடுக்குமுறை எல்லாத் தமிழரையும் தழுவியதெனினும் அவ்வதிகாலையிலே அதன் கை நீண்டது நாட்கூலி அறைகளை நோக்கியே. இன முரண்பாட்டை வர்க்க முரண்பாடாகச் சுருக்கிவிட முடியாது. 1983 அதனை எமக்குக் கசப்பாகக் கற்பித்தது. எனினும் வர்க்கத்தை விட்டுவிட்டு 2007ஐ விளங்கிக்கொள்ளவும் இயலாது.

போர் 2009இலே முடிந்தது. 2014 ஐப்பசியிலே யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. வெள்ளவத்தையின் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. அவற்றுட் பலவற்றிலே புலம்பெயர்ந்தோரின் பணம் உறைந்திருக்கிறது. சில மாடங்கள் கோடை விடுமுறைக்கு வருவோருக்காக ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து இரவிலே புறப்படும் பேருந்துகள் விடியுமுன்னர் காலி வீதியிலே ஆட்களை இறக்கிவிடுகின்றன. கடவுச்சீட்டுக்கோ வைத்தியத்துக்கோ வந்தவர்கள் பைகளுடன் கடை வாசற்படிகளிலே அமர்ந்து, கந்தோர் திறக்கும்வரை காத்திருப்பதைக் காணலாம். ஒருநாள் வேலைக்கு அறை எடுப்பது கட்டாது என்பது அவர்கள் கணக்கு. மாலையிலே அதே பேருந்திலே திரும்பிவிடுகின்றனர்.