உலோக நானோ கொத்துகள்: நிறத்திலிருந்து எண்ணிக்கைக்கு

முன்னுரை

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு செம்பால் ஆனது. ஒருபுறம் பிரகதாம்பாள் உருவமும் மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்னும் சொல்லும் உடைய அக்காசை எத்தனை துண்டாக்கினும் ஒவ்வொரு துண்டும் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் பகுப்பு சில பத்து அணுக்கள் வரை சென்றால், எஞ்சுவது உலோகத்தின் இயல்பை இழந்துவிடும். இவ்வெல்லை அறியப்பட்ட வரலாற்றையும் அது தமிழ்க் கலைச்சொல் வழக்கிற்கு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நிறம்

1857இல் மைக்கேல் ஃபாரடே, பொன் குளோரைடைப் பாஸ்பரசால் ஒடுக்கி மாணிக்கச் சிவப்பு நீர்மத்தைப் பெற்றார். அந்நிறத்திற்கு நுண்ணிய பொன் துகள்களே காரணம் என்றார். 1908இல் குஸ்தாவ் மீ அதற்குக் கணித விளக்கம் அளித்தார். அவ்விளக்கத்திற்குத் துகளின் அளவே போதுமானதாயிற்று. அணுக்களின் எண்ணிக்கை தேவைப்படவில்லை.

எண்ணிக்கை

உலோகம் மிகச் சிறுத்தால், தொடர்ச்சியான எலக்ட்ரான் ஆற்றல் நிலைகள் தனித்தனிப் படிகளாகப் பிரியும் என்பதன் விளைவுகளை 1962இல் ரியோகோ குபோ ஆராய்ந்தார். 1984இல் பெர்க்லியில் வால்டர் நைட் குழுவினர், சோடியம் கொத்துகளில் 8, 20, 40 அணுக்கள் கொண்டவை மிகுதியாக உருவாவதைக் கண்டனர். எலக்ட்ரான் கூடுகள் நிரம்புவதே இந்நிலைத்தன்மைக்குக் காரணம்.

1994இல் லிவர்பூலில் ப்ரஸ்ட், ஷிஃப்ரின் உள்ளிட்டோர் பொன் உப்பை நீரிலிருந்து டொலுவினுக்கு மாற்றி, தயோல் முன்னிலையில் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கினர். தயோல் உறை துகள்கள் ஒன்றோடொன்று திரளாமல் காத்தது. இம்முறையின் வழிவந்த தொகுப்புகளுள் ஒன்றான, 25 பொன் அணுக்களும் 18 தயோலேட்டுகளும் கொண்ட கொத்தின் படிக அமைப்பு 2008இல் வெளியாயிற்று. பொன் அணுக்கள் அளிக்கும் 25 எலக்ட்ரான்களுடன் எதிர்மின்சுமையின் 1ஐக் கூட்டி, தயோலேட்டுகள் பிணைக்கும் 18ஐக் கழித்தால் எஞ்சுவது 8. சோடியத்தில் கண்ட அதே எண் பொன்னிலும் மீண்டது.

சென்னையின் பங்கு

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தலப்பில் பிரதீப் குழுவினர் 2016இல், 25 அணுப் பொன் கொத்தும் 25 அணு வெள்ளிக் கொத்தும் கரைசலில் கலக்கும்போது, கட்டமைப்பு குலையாமல் அணுக்களைப் பரிமாறிக்கொள்வதைக் காட்டினர். உலோகத் துணுக்குகள் மூலக்கூறுகளைப் போலவே வினைபுரிந்தன.

முடிவுரை

தமிழில் இவ்விரண்டையும் ‘நானோ துகள்’ என்றே குறித்தல் பொருந்தாது. துகளின் நிறம் எலக்ட்ரான்களின் கூட்டு அலைவால் விளைவது. கொத்திலோ அவ்வலைவு இல்லை, ஆற்றல் இடைவெளி உண்டு. துகளை அளவால் குறிக்கலாம். கொத்தை அணு எண்ணிக்கையால் மட்டுமே குறிக்க இயலும். எனவே ‘கொத்து’ என்பதைத் தனிக் கலைச்சொல்லாக ஆளுதல் வேண்டும். பெயர் மயங்கின், ஒன்றின் பண்பு மற்றொன்றன்மேல் ஏற்றப்படும்.