மவுத் ஆர்கனில் மாயாமாளவகௌளை

சின்ன வயசுல கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கடையில் அடம்பிடித்து ஒரு மவுத் ஆர்கன் வாங்கினேன். பத்துத் துளை. ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் வேறொரு சுரம். முதல் துளையிலிருந்து ஏறினால் மத்திமத்தைக் காணோம், தைவதத்தையும் காணோம். ஓட்டைச் சாமான் என்று பரணில் போட்டாச்சு. அதன் அமைப்பே அப்படித்தான் என்று தெரிய முப்பது வருஷம் ஆனது.

இதற்கெல்லாம் மூத்த வாத்தியம் சீனத்து ஷெங். மூங்கில் குழல்களுக்குள் மெல்லிய நாக்குகள். 1777இல் அமியோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பீக்கிங்கிலிருந்து அதைப் பாரீசுக்கு அனுப்பினார். (நம் மிசோரத்திலும் சுரைக்குடுக்கையில் மூங்கில் செருகிய உறவுக்கார வாத்தியம் உண்டு.) அடுத்த நூற்றாண்டில் ஜெர்மன்காரர்கள் மவுத் ஆர்கனைச் செய்தார்கள். ட்ரோசிங்கன் ஊர்க் கடிகாரக்காரர் மத்தியாஸ் ஹோனர் 1857இல் தொழிலாகவே தொடங்கினார். அவர்கள் பாட்டுக்குப் பல சுரம் சேர்ந்தொலிக்க வேண்டும். அதற்காகக் கீழ்த்துளைகளில் இரண்டு சுரங்களைப் பலி கொடுத்தார்கள்.

முழு வரிசை வேண்டுமென்றால் நாலாம் துளையில் தொடங்கணும். ஊதினால் ஸ, உறிஞ்சினால் ரி. ஐந்தில் க, ம. ஆறில் ப, த. ஏழில்தான் எல்லாரும் சறுக்குவது: அங்கே முதலில் உறிஞ்சணும், நி வரும், பிறகு ஊதினால் மேல் ஸ. கிடைத்தது சங்கராபரணம்.

ஆனால் நமக்கு முதல் பாடம் மாயாமாளவகௌளை அல்லவா? ரி, த இரண்டும் அரைப்படி இறங்கணும். இங்கேதான் பழைய சண்டை ஒன்று ஞாபகம் வருது. வெள்ளைக்காரன் வயலினை நம்மவர்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள். நாஞ்சில் நாடும் அடங்கிய திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் 1834இல் வடிவேலுவுக்குத் தந்தத்தால் ஆன வயலினே கொடுத்தார். விரல் சறுக்கினால் கமகம் வந்துவிடும். ஆர்மோனியம் வளையாது. அந்தக் குறையைச் சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கி வைத்தது. 1971 வரை உள்ளே விடவில்லை. நாடகக் கொட்டகையிலும் தேவாலயத்திலும் அது பாட்டுக்கு வாழ்ந்தது, அது வேறே கதை.

வேடிக்கை என்னவென்றால், அதே குடும்பத்து ஏழைத் தம்பியான மவுத் ஆர்கன் வளையும். ஒரே அறைக்குள் ஊதும் நாக்கும் உறிஞ்சும் நாக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 'ஈ' என்று வைத்த நம் நாக்கை 'ஊ' என்பதுபோல் பின்னுக்கு இழுத்து உறிஞ்சினால் சுரம் அரைப்படி இறங்கும். ஆர்மோனியத்தில் காற்றடிப்பது துருத்தி. வாய்க்கு வேலையே இல்லை. மவுத் ஆர்கனில் நாலாம் துளையும் ஆறாம் துளையும் இப்படி வளையும். மாயாமாளவகௌளைக்கு வேண்டிய அதே இரண்டு சுரங்கள்! எல்லாச் சுரமும் இப்படி வளையாது, வயலின் ஆகிவிடாது. வானொலிக்காரர்கள் இதை யோசித்திருப்பார்களா என்று கேட்டுக்கொள்வேன்.

பலமாக உறிஞ்சினால் வரும் என்று நினைக்காதீங்க, நாக்குதான் கெடும். எனக்கு ரி மூன்று வாரத்தில் இறங்கியது. த இன்னும் மக்கர் பண்ணுது.