பயப்படுகிற தாய் அறியாதவள் அல்ல

தாமிரபரணிக் கரையோரக் காலனிகளில் எழுபது வயது கடந்த ஆச்சிகளின் கையில் வட்டமான தழும்பைப் பார்க்கலாம். அம்மை குத்திய தழும்பு. அதற்குப் பின்னால் ஒரு சாதி வரலாறு இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமை கம்பெனி ஆட்சிக்குள் போன மறு ஆண்டு, 1802இல், பெரியம்மைத் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்தது. அன்று குப்பியில் மருந்து இல்லை. குழந்தையின் கைதான் குப்பி. ஒரு குழந்தைக்கு அம்மைப்பால் குத்துவார்கள். ஏழெட்டு நாளில் கொப்புளம் எழும்பும். அதைக் கீறி, வடிகிற நீரை அடுத்த குழந்தையின் கையில் ஏற்றுவார்கள்.

சென்னை மாகாணத்தில் அப்படிக் கீறப்பட்ட கைகளில் சேரிப் பிள்ளைகளின் கைகள் அதிகம். ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் மறுத்தன: தீண்டத்தகாத பிள்ளையின் நீர் எங்கள் பிள்ளையின் உடம்பில் ஏறுவதா? சேரித் தாயும் மறுத்தாள். அவள் பார்த்தது தீட்டை அல்ல, தன் பிள்ளையின் வலியை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் புண்ணை ஏன் மறுபடி கீறுகிறாய் என்பதே அவள் கேள்வி. அதிகாரிகளின் அறிக்கைகளோ மறுப்பையெல்லாம் பெரும்பாலும் மூடநம்பிக்கைக் கணக்கிலேயே எழுதி வைத்தன.

பிறகு கன்றுக்குட்டியிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தது. அதைத் தயாரிக்கச் சென்னை கிண்டியில் கிங் நிலையம் உருவானது. கையிலிருந்து கைக்குக் குத்துவது நின்றது. 1977இல் இந்தியா பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஊசி உயிர் காத்தது. அதில் எங்களுக்கு ஐயமில்லை.

ஆனால் தாயைக் குற்றவாளியாக்கும் பழக்கம் நிற்கவில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத்துக்கே வந்து ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06இல் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7 சதவீதம். சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். தாய்மார்கள் பத்தாண்டில் திடீரென அறிவிழந்தார்கள் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க மாட்டோம். அடுத்த கணக்கெடுப்பில் அது 89.2 ஆக உயர்ந்ததே.

நெல்லையில் நாங்கள் சந்திக்கும் தாய்மார்கள் நாற்று நடுகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள். ஊசி போட்ட இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் கூலி போச்சு. காய்ச்சல் வரும், இரண்டு நாளில் போகும் என்று முன்கூட்டியே சொன்னால் அவள் அடுத்த தவணைக்குத் தானே வருவாள். சொல்லாமல் விட்டுவிட்டு, வராதபோது "உங்க ஆளுகளுக்குச் சொன்னா புரியாது" என்பது சுகாதாரப் பணி இல்லை, சாதி பேசுவது.

காலனிக்குள் வந்து ஊசி போடுங்கள். கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இருநூறு ஆண்டுக்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்ட தாய்க்கே இன்னும் பதில் பாக்கி இருக்கிறது.