கோடைக் கோழிக்கு மருந்து வந்த கதை

அக்கினி நட்சத்திரம் நெருங்கினால் எங்கள் நெமிலிச்சேரியில் கோழி வளர்ப்பவர்களுக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். வெளிவட்டச் சாலை வந்து, வயல்கள் மனைகளான பிறகும், கொல்லையில் பத்துக் கோழி வைத்திருக்கும் வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. தீவனக் கடையில் ‘வெயிலுக்கு’ என்று கேட்டால் ஒரு பொட்டலம் தருவார்கள். வைட்டமின் சி, சோடா உப்பு, இன்னும் சில உப்புகள் அதில் இருக்கும். இது வியாபாரத் தந்திரமா, உண்மையா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவன் அல்ல, ஓய்வுபெற்ற குமாஸ்தா. ஆனால் இதற்கு ஒரு நல்ல சரித்திரம் உண்டு.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து தொடங்குகிறேன். லூயி நிக்கொலா வோக்லன் என்ற வேதியியல் அறிஞர் 1799இல் ஒரு கோழிக்கு ஓட்ஸ் தானியத்தை மட்டும் போட்டு, அதிலிருந்த சுண்ணாம்பைக் கணக்கெடுத்தார். முட்டை ஓட்டிலும் எச்சத்திலும் வெளியே வந்த சுண்ணாம்பையும் கணக்கெடுத்தார். வரவைவிடச் செலவு அதிகமாக இருந்தது! மீதி எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. கோழி தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஓடு கட்டுகிறது என்பது பின்னாளில்தான் தெளிவானது. தீவனம் குறைந்தால் கோழி தன் உடம்பையே கரைத்து முட்டையிடும்.

அடுத்த கதை ஜாவா தீவில், பத்தேவியாவில். 1890ஐ ஒட்டி, டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மானின் கோழிகளுக்குக் கால் விளங்காமல் போயிற்று. அப்போது அவை ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய பாலிஷ் அரிசிச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தன. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவ அரிசியை ராணுவம் சாராத கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். தவிட்டோடு கூடிய அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. சட்டம் பேசும் ஊழியரைத் திட்டாதவர் யார்? ஆனால் அந்த மறுப்புத்தான் வைட்டமின் என்ற அறிவுக்கே வழிவிட்டது. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்த ஹங்கேரியர் ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி 1937இல் அதே பரிசைப் பெற்றார். 1933இல் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி கிடைத்து, விலை இறங்கியது. மனிதனைப் போல் அல்லாமல் கோழி வைட்டமின் சி-யைத் தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்ளும். பிறகு ஏன் கொடுக்க வேண்டும்? கடும் வெயிலில் அந்த உற்பத்தி போதுவதில்லை. அதனால் ஒரு கிலோ தீவனத்துக்கு 200 மில்லிகிராம் அளவில் சேர்ப்பது வழக்கமாயிற்று.

சோடா உப்பின் கதை வேறு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். வெயில் ஏறினால் வாயைத் திறந்து இளைக்கும். நிமிடத்துக்கு 25 முறை விடும் மூச்சு 150ஐத் தாண்டிவிடும். அப்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. முட்டை ஓடு பெரும்பகுதியும் கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டுக்கு மூலப்பொருள் குறைந்தால் ஓடு மெலிந்து உடைகிறது. அதை ஈடுகட்டத்தான் சோடா உப்பு. 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெப்பத்தில் வாடிய கோழிகளுக்கு, நாம் கடையில் குடிக்கும் சோடாவைப் போல் வாயு ஏற்றிய தண்ணீரையே கொடுத்து, ஓடு கெட்டிப்படுவதைக் கண்டார்கள்.

இது பணக்காரப் பண்ணைகளின் விவகாரம் மட்டும் அல்ல. நம் சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010இல் வாரம் ஐந்து முட்டை ஆயிற்று. நாமக்கல் கோழி வெயிலில் வாடினால் பள்ளிக்கூடத்துத் தட்டு வரை அது வந்து சேரும். வெயிலோ குறைவதாகத் தெரியவில்லை. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. 2015 மே வெப்ப அலையில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ஒரு கோடிக்கு மேல் கோழிகள் செத்ததாகப் பத்திரிகைகள் எழுதின.

ஆகவே பொட்டலம் பொய் அல்ல. ஆனால் அது கடைசியில் வருவது. முதலில் நிழல், பிறகு மண்பானையில் குளிர்ந்த தண்ணீர். தீவனத்தை விடியலிலும் சாயங்காலத்திலும் வையுங்கள். உச்சி வெயிலில் தின்றால் செரிக்கும் சூடும் சேர்ந்துகொள்ளும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது என்பதால் கிளிஞ்சல் தூளை மாலையில் போடுங்கள். வைட்டமின் சி வெயிலிலும் ஈரத்திலும் வீரியம் இழக்கும். அன்றன்றைக்குக் கலக்குவதே நல்லது. சோடா உப்பை அளவு தெரியாமல் அள்ளிப் போட்டால் கழிச்சல்தான் மிஞ்சும்.

பெரிய பண்ணைக்காரருக்கு இதையெல்லாம் சொல்லக் கம்பெனி ஆள் வாசலுக்கே வருவார். பத்துக் கோழி வைத்து, முட்டை விற்ற காசில் பேரப்பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் பெண்ணிடம் யாரும் வந்து சொல்வதில்லை. மாதவரத்தில் 1989 முதல் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம்மிடமிருந்து எட்டாத தூரம் இல்லை. கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள், படிக்காத பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்துக் கேட்டு வந்து சொல்லுங்கள்.