பொகவந்தலாவையில் மணி என்ன?

2025 ஆம் ஆண்டுத் தீபாவளி ஒக்டோபர் 20 ஆம் திகதி, திங்கட்கிழமை வந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகன், எண்ணெய் வைத்துக் குளித்த ஈரம் காயுமுன்னரே வீட்டின் தகரக் கூரைமேல் ஏறிவிட்டான். கையில் தீப்பெட்டியளவு கறுப்புப் பொருளொன்று; அதிலிருந்து ஒரு கம்பி சன்னல் வழியாக வீட்டினுள் இறங்கி, உள்ளங்கையளவேயான ராஸ்பெரி பை கணினியொன்றில் முடிந்தது. செய்மதிகள் அனுப்பும் சமிக்ஞையைப் பிடித்து வீட்டிலுள்ள கணினிகளின் கடிகாரங்களைச் செக்கனின் மிகச் சிறு பின்னமளவுக்குத் திருத்தி வைப்பதே அவனுடைய நோக்கம்.

"மாமா, இனி இந்த வீட்டு மணி பிழைக்காது" என்று இறங்கி வந்தவன், திரையைப் பார்த்ததும் வாயடைத்துப் போனான். திரையில் 2006 ஆம் ஆண்டு மார்ச் 6 என்று இருந்தது. மணியோ, என் கைக்கடிகாரத்தைவிடச் சரியாக அரை மணித்தியாலம் முந்தியிருந்தது. நிமிடத்திலும் செக்கனிலும் பிழையில்லை. அந்த அரை மணித்தியாலத்தைக் கண்டதும் அவனுக்கு முன்னதாக எனக்கே விடயம் பிடிபட்டது. இலங்கையில் 1996 க்கும் 2006 க்கும் இடையில் வாழ்ந்த எவருக்கும் பிடிபடக்கூடியதுதான் அது.

அதைச் சொல்வதற்கு முன் பழைய மணிக் கதைகளுக்குப் போகவேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் எங்கள் சிறு பிராயத்தில் நேரம் என்பது ஓசை. விடியுமுன் இருட்டில் தப்பு அடிக்கும் ஓசை கேட்கும். லயத்தில் விளக்குகள் ஏற்றப்படும். பிறகு பிரட்டுக்களம். அங்கே கணக்கப்பிள்ளையின் கைக்கடிகாரம் ஒன்றே நீதி. பிந்தி வந்தவருக்கு அரைப்பேர் போடுவார்கள், அல்லது அன்றைக்கு வேலையில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அரைப்பேர் என்றால் அரைநாட் சம்பளம். என் தாயார் கொழுந்து பறித்தவர். எழுபதுகளின் பிற்பகுதியில் ஒருநாள் தப்போசைக்கே எழுந்து போனவருக்கு அரைப்பேர் விழுந்தது. எங்கள் வீட்டில் அப்போது புதிதாக வந்திருந்த வானொலிப் பெட்டியில் செய்தி தொடங்கியபோதுதான் அம்மா வாசற்படி இறங்கினார் என்பது அப்பாவுக்குத் தெரியும். கணக்கப்பிள்ளையின் கடிகாரம் முந்தி ஓடியிருக்கிறது. அப்பா போய்ப் பணிவாகத்தான் கேட்டார். "ரேடியோ மணி கொழும்புக்கு, தோட்டத்து மணி இதுதான்" என்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டி அனுப்பிவிட்டார்கள். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்தப் பதில் மட்டும் அரை நூற்றாண்டாகியும் என் காதை விட்டு அகலவில்லை.

உண்மையில் ஊருக்கொரு மணி இருந்த காலம் ஒன்று உண்டு. எந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வருகிறதோ அந்த ஊருக்கு அது பன்னிரண்டு. பொகவந்தலாவையின் நெடுங்கோட்டுக்குக் கணக்கிட்டால் இயற்கையான நேரம் கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 5 மணித்தியாலம் 22 நிமிடம் முந்தியது. சென்னையில் 1792 இல் கிழக்கிந்தியக் கம்பனி எழுப்பிய வானாய்வகத்தில், ஜோன் கோல்டிங்ஹாம் 1802 இல் கணித்த மதராஸ் நேரம் 5 மணித்தியாலம் 21 நிமிடம் 14 செக்கன். நம் முன்னோர் கடல் கடந்து, காடு கடந்து வந்து சேர்ந்த மலைக்கும் மதராசுக்கும் சூரியனின் கணக்கில் ஒன்றரை நிமிட வித்தியாசம்தான். அந்த வானாய்வகத்தின் கருங்கற்றூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நேரத்தை அளப்பது தமிழர்க்குப் புதிதன்று. நீர் ஒழுகும் வட்டிலைப் பார்த்து நாழிகை சொல்வோர் அரசனின் பாசறையில் இருந்த செய்தியை முல்லைப்பாட்டு தருகிறது.

பொகவந்தலாவை சென்மேரிஸ் தேவாலயத் தோட்டத்தில் புகைப்படக் கலையின் முன்னோடி ஜூலியா மார்கரெட் கமெரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியும். 1879 இல் இறந்தார். வானியலாளர் சேர் ஜோன் ஹேர்ஷலை 1867 இல் அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அவர் இங்கே வாழ்ந்த நாட்களில் புகையிரதம் ஹட்டனை எட்டியிருக்கவில்லை. அது 1884 இல்தான் வந்தது. புகையிரதம் வந்த இடமெங்கும் ஊர்மணி செத்தது. ஒரே அட்டவணையில் ஓடும் வண்டிக்கு ஊருக்கொரு நேரம் ஒத்துவராது. ஈற்றில் 1906 இல் இலங்கையும் இந்தியாவும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்தை நியமமாக ஏற்றன. இந்த நேரத்துக்கு ஆதாரமான 82.5 பாகை நெடுங்கோடு இலங்கையின் மண்ணைத் தொடுவதேயில்லை. கிழக்கே கடலில் போகிறது. ஆகவே பொகவந்தலாவையில் சூரியனைவிடக் கடிகாரம் ஏழு நிமிடத்துக்குச் சற்று மேலாக முந்தியே ஓடுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது 1942 ஜனவரியில் அரை மணித்தியாலமும், அதே ஆண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணித்தியாலமும் முன்னே தள்ளினார்கள். 1945 ஒக்டோபரில் பழையபடி ஆனது. அதன்பின் ஐம்பது ஆண்டுகள் எவரும் முள்ளைத் தொடவில்லை.

தொட்டது 1996 இல். அந்த ஆண்டு மழை பொய்த்தது. நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும் பகுதி அன்று நீரிலிருந்தே கிடைத்தது. பொகவந்தலாவை வழியே ஓடும் கெசல்கமுவ ஓயா போய்ச் சேரும் காசல்ரீ நீர்த்தேக்கம் அந்த நீர்மின் தொடரில் ஒன்று. மின்வெட்டுத் தாங்க முடியாமற் போனபோது, மாலை வெளிச்சத்தை நீட்டித்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று சந்திரிகா அரசாங்கம் மே 25 ஆம் திகதி தொடங்கும் நள்ளிரவில் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. நான் அப்போது கொழும்பில் இளம் செய்தியாளன். நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் மணி ஒன்று. அச்சுக்குப் போகவேண்டிய பக்கங்கள் மேசையில் கிடக்க, ஒரு மணித்தியாலத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டு போய்விட்டது. பக்கம் கட்டுபவர் அன்று உதிர்த்த வசைகளை இங்கே எழுத முடியாது.

கொழும்பில் அது வேடிக்கை. மலையில் வேடிக்கையன்று. மே மாத இறுதியில் ஆறுக்குச் சற்று முன் உதிக்கும் சூரியன் புதிய மணிக்கு ஏழுக்குச் சற்று முன் உதித்தது. பள்ளத்தாக்கில் மலை மறைப்பதால் வெயில் முகம் காட்ட இன்னும் பிந்தும். பிள்ளைகள் கும்மிருட்டில் பாடசாலைக்கு இறங்கினார்கள். விகாரைகளில் பிக்குமார் நண்பகலுக்கு முன் உண்ணவேண்டிய தானத்துக்குப் பழைய மணியையே பார்த்தார்கள். முறைப்பாடுகள் குவிய, அதே ஆண்டு ஒக்டோபர் 26 ஆம் திகதி நள்ளிரவு கடந்து பன்னிரண்டரைக்கு, அரை மணித்தியாலம் பின்னே இழுக்கப்பட்டது. ஆறு மணித்தியாலம் முந்திய அந்த நடுவழி நேரம் பத்தாண்டு நிலைத்தது. நாடு முழுவதும் "பழைய மணியா, புதிய மணியா?" என்பது கலியாண வீட்டிலும் மரண வீட்டிலும் முதற் கேள்வியானது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நீடித்தது. போர்நிறுத்த காலத்தில் ஓமந்தையைக் கடந்து கிளிநொச்சிக்குப் போனபோது கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே திருப்பியது நினைவிருக்கிறது. ஒரு தீவு, இரண்டு மணி.

2006 ஏப்ரல் 15 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், நாடு மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. அதற்கு மறுப்புச் சொன்னவர்களில் ஒருவர் கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க். ஆறு என்ற முழு எண்ணே உலகத்தோடு கணக்குப் பார்க்க வசதி என்பது அவர் கருத்து. பூமியோடு சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் தொடர்பாடற் செய்மதிகளை 1945 இலேயே எழுதிக் காட்டியவர் அவர். ஆனால் சோதிடர்களின் குரல் இங்கே ஓங்கி ஒலிப்பது புதிதல்லவே. கணினிகள் பட்ட பாடு தனி. விண்டோசில் "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்ற பெயரோடு ஆறு மணித்தியாலம் பதிந்து கிடந்தது. அதைத் திருத்தத் தெரியாமல் நாங்கள் அலுவலகக் கணினிகளில் "சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி" என்ற வரியைத் தெரிவு செய்து வேலையைப் பார்த்தோம்.

இனித் தீபாவளியன்று கூரையேறியவனிடம் வரலாம்.

ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. வழி காட்டுவதற்கென்று நாம் அறிந்திருக்கும் இவை அடிப்படையில் பறக்கும் அணுக் கடிகாரங்களே. ஒவ்வொன்றும் "இப்போது மணி இன்னது" என்று ஓயாது சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல் வந்துசேரப் பிடித்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடப்படுகிறது. ஒளி ஒரு நனோசெக்கனில் முப்பது சென்றிமீற்றர் போகும். ஆகவே கடிகாரம் சிறிது பிழைத்தாலும் இடம் பெரிதாகப் பிழைக்கும். ஐன்ஸ்டைனின் கணக்குப்படி அந்த உயரத்தில் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோசெக்கன் விரைந்தோடும். அதையும் முற்கூட்டியே கழித்திருக்கிறார்கள். இடமும் நேரமுமாக நான்கு விடைகள் தெரியாததால் நான்கு செய்மதிகள் வேண்டும். ஆனால் வீடு நகர்வதில்லை. அதன் இடத்தை ஒருமுறை துல்லியமாக அறிந்துவிட்டால், பிறகு நேரத்துக்கு ஒரே ஒரு செய்மதி தெரிந்தாற் போதும். நாற்புறமும் மலை வானத்தை மறைக்கும் எங்கள் பள்ளத்தாக்குக்கு இது பெரும் கொடை.

தகரக் கூரையின் கீழே வைத்தால் சமிக்ஞை கிடைக்காது. மேலே வைத்தால் அதே தகரம் வானலை வாங்கிக்குத் தளமாகி உதவும். கருவி கணினிக்கு இரண்டு வகையில் பேசுகிறது. ஒன்று, திகதியும் மணியும் எழுத்தாக வரும் செய்தி. இது தாமதித்து வரும், அதுவும் ஒரே அளவாகத் தாமதிப்பதில்லை. மற்றது, செக்கனுக்கு ஒருமுறை தனிக் கம்பியில் வரும் மின் துடிப்பு. எந்தச் செக்கன் என்பதைச் செய்தியும், அது தொடங்கும் கணத்தைத் துடிப்பும் சொல்லும். இரண்டையும் இணைத்தால் கணினியின் கடிகாரத்தைச் சில மைக்ரோசெக்கனுக்குள் நிறுத்தலாம். துடிப்பை நான் பிரட்டுக்களத்துத் தப்போடு ஒப்பிட்டேன், மருமகன் சிரித்தான்.

இணையத்தின் வழியே நேரம் கேட்டாலென்ன என்று வினவினேன். அதற்கான ஏற்பாட்டை அமெரிக்காவின் டேவிட் மில்ஸ் 1985 இலேயே வகுத்துவிட்டார். 2024 இல் மறைந்த அவரது பணியில்தான் உலகக் கணினிகளெல்லாம் இன்றும் மணி பார்க்கின்றன. ஆனால் அது போகும் வழியும் வரும் வழியும் சம நேரம் எடுக்கும் என்று கொண்டு கணக்கிடுகிறது. மலையகத்துக் கைப்பேசி வலையமைப்பில் அந்தச் சமம் எங்கே இருக்கிறது? அதனால்தான் கூரை.

சரி, 2006 மார்ச் எப்படி வந்தது? ஜி.பி.எஸ். செய்மதிகள் திகதியைச் சொல்வதில்லை. வாரத்தின் எண்ணையே சொல்கின்றன. பழைய முறையில் அந்த எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 1999 ஓகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அவ்வாறு நடந்தது. எந்தச் சுற்று என்பதைக் கருவிதான் ஊகிக்க வேண்டும். மருமகன் மலிவாக வாங்கியது பழைய கருவி. அதன் ஊகம் ஒரு சுற்றுப் பிந்திவிட்டது. 2025 ஒக்டோபர் 20 இலிருந்து 1,024 வாரம் கழித்தால் 2006 மார்ச் 6, அதுவும் திங்கட்கிழமையே. கணினியின் நேரவலயப் பதிவேட்டில் இலங்கையின் ஒவ்வொரு மணிமாற்றமும் பதிந்திருக்கிறது. மார்ச் 2006 என்று கேட்டதும், அன்றைய சட்டப்படி ஆறு மணித்தியாலத்தைக் கூட்டிக் காட்டிவிட்டது. கணினி பொய் சொல்லவில்லை. பத்தொன்பது ஆண்டுக்கு முந்திய உண்மையைச் சொன்னது.

புதிய கருவி மறுவாரம் வந்தது. அது ஒழுங்காக ஓடுகிறது. இலங்கையின் நியம நேரத்தைப் பேணுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பு. அந்த நேரமும் எங்கள் கூரையில் இறங்கும் நேரமும் உலக நேரமென்ற ஒரே மூலத்தோடு ஒத்துப்போகின்றன. அம்மாவிடம் இதை விளக்கினேன். எண்பதைக் கடந்தவர். "அன்றைக்கு இது இருந்திருந்தால் கணக்கப்பிள்ளையிடம் காட்டியிருக்கலாமா?" என்று கேட்டார். காட்டியிருக்கலாம், அவர் மணிக்கட்டைத் தட்டியிருப்பார் என்றேன். அம்மா அதை மறுக்கவில்லை.

மருமகனுக்கு இதில் இவ்வளவு ஈடுபாடு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் 2001 இல் பிறந்தவன். மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருந்தது புதிய மணி. சாதகம் எழுதியவர் அரை மணித்தியாலத்தைக் கழிக்க மறந்து பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் லக்கினம் ஏழரைப் பாகை நகரும். அவனுக்கு அடுத்த இராசிக்கே போய்விட்டது. பத்து வயதில் இன்னொருவர் கண்டுபிடித்து வேறொன்று எழுதித் தந்தார். என் தங்கை இரண்டையும் ஒரே மஞ்சட் பையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். பெண் பார்க்கப் போகும்போது எதை எடுத்துப் போவது என்பதை இன்னும் அவள் முடிவு செய்யவில்லை.