வட்டத்தொட்டி: நெல்லையின் வாசகர் கூடம்

படித்ததில் பிடித்ததைப் பிறரோடு பகிர்ந்து சுவைக்கும் வழக்கத்துக்குத் தமிழகத்தில் அமைந்த பெயர்பெற்ற களம், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் திருநெல்வேலி இல்லத்தில் 1924ஆம் ஆண்டு தொடங்கிய வட்டத்தொட்டியாகும். தொட்டிக்கட்டு எனப்படும் வீட்டு நடுமுற்றத்தில் ஞாயிறு மாலைகளில் அன்பர்கள் கூடியமர, சட்டம் பயின்றவரான டி.கே.சி. ஒரே செய்யுளைச் சீர் பிரித்தும் நிறுத்தியும் அழுத்தியும் பன்முறை சொல்லி, உரையாசிரியர்களின் துணையின்றியே அதன் உணர்ச்சி கேட்போர் மனத்தில் பதியும்வரை விடமாட்டார். இலக்கண நுணுக்கங்களைவிடச் சுவையே அங்கு முதன்மை பெற்றதால், புலமை பெறாத வாசகரும் தயக்கமின்றிக் கலந்துகொள்ள முடிந்தது. புலவர் சிலருக்கு இது உவப்பாக இராததில் வியப்பில்லை. கம்பராமாயணத்தில் தம் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல், அதாவது பிற்காலத்தார் நுழைத்தவை, என அவர் ஒதுக்கியதும் சொற்களைத் திருத்தியதும் பதிப்பு நெறிக்குப் புறம்பானவையே எனினும், கம்பனைப் பொதுவாசகரிடம் சேர்த்ததில் அவருக்குள்ள பங்கு மறுக்கவியலாதது. பின்னர் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது இக்கூட்டமும் அங்கே தொடர, ராஜாஜியும் கல்கியும் அருவிக்காக மட்டுமன்றி அவர் பேச்சுக்காகவும் அவ்வூரை நாடினர்.