ஜாமீனுக்கு நிலம் இல்லாதவர்கள்



கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனவங்க, அங்கே இருந்த புனித டேவிட் கோட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. சுட்டார்கள், குண்டு விழுந்த ஊரெல்லாம் கம்பெனிக்குப் போச்சு. குண்டு உப்பலவாடி என்ற பேரில் இருப்பது அந்தக் குண்டுதான் என்பார்கள்.

கம்பெனிக்கு இங்கே முக்கியமாக வேண்டியிருந்தது துணி. கம்பெனி வியாபாரிக்கு முன்பணம் கொடுக்கும். வியாபாரி தறிக்காரருக்குக் கொடுப்பார். முன்பணத்தைக் கை நீட்டி வாங்கிய பிறகு, தான் நெய்த துணிக்குத் தானே விலை சொல்ல முடியுமா? பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கும் பலாவுக்கும் முன்பணம் வாங்கியவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பயிரைப் பற்றிப் பேச வேண்டியவன் சரித்திரம் பேசுகிறானே என்கிறீர்களா? உரம் வாங்கக் காசில்லாதவரிடம் உர அளவைச் சொல்லி என்ன பண்ணுவது?

இந்தக் கடன் சிக்கலுக்கு வழி பார்க்கும்படி 1892-ல் சென்னை அரசாங்கம் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தது. 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக அவர் அறிக்கை கொடுத்தார். (பிற்பாடு சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறைக்கு அடிபோட்டவரும் இவரேதான்.) ஜெர்மனியில் ரைபைசன் என்ற ஊர்த்தலைவர் ஏழைக் குடியானவர்களுக்காக நடத்திய சங்கங்கள் அவர் மனசில் நன்றாகப் பதிந்தன. சங்கம் ஓர் ஊருக்குள்ளேயே நிற்கும். ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. லாபத்தைப் பங்கு போடாமல் சேமநிதியில் வைப்பார்கள். கடன் வாங்குகிறவன் குடிகாரனா, உழைப்பாளியா என்பது பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாதா? அந்தத் தெரிதல்தான் அங்கே ஜாமீன்.

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் சென்னை மாகாணத்தின் முதல் கிராமச் சங்கம் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் பதிவாயிற்று. நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அந்தத் திரூர்தான்.

ஆனால் நடைமுறையில் என்ன ஆச்சு? ஆளைத் தெரிந்து கொடுத்தது போய், பட்டா சிட்டாவைப் பார்த்துக் கொடுப்பதாக மாறிப்போச்சு. 1951-52-ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். விவசாயக் குடும்பங்கள் வாங்கிய கடனில் கூட்டுறவு கொடுத்தது 100 ரூபாய்க்கு 3 ரூபாய் சுமார். லேவாதேவிக்காரர் கொடுத்தது 70 ரூபாய் சுமார். சொந்த நிலமே இல்லாத குத்தகைக்காரர், கூலிக்காரர், கூடையைத் தலையில் சுமந்து மீன் விற்கிற பெண் இவர்களெல்லாம் தண்டல்காரரிடம்தான் போக வேண்டியிருந்தது.

இவர்களுக்கு வாசல் திறக்க இன்னும் பல வருஷம் ஆச்சு. 1989-ல் தர்மபுரியில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1991-92-ல் நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் சேர்ந்து, முதலில் தங்கள் சொந்தக் காசைச் சேர்க்க வேண்டும். அதிலிருந்து தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கிப் பழக வேண்டும். தீர்மான நோட்டும் கணக்கு நோட்டும் ஒழுங்காக இருந்தால் பிறகு வங்கி கடன் கொடுக்கும். நிலம் கேட்பதில்லை, அந்த நோட்டுத்தான் ஜாமீன். 1992-ல் நபார்டு வங்கி இந்த முறையை நாடு முழுக்க 500 குழுக்களோடு சோதித்துப் பார்க்கத் தொடங்கியது.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சில தனியார் கம்பெனிகளும் ஊருக்கு வந்து பெண்களை உட்கார வைத்துக் "குழு" என்கிறார்கள். ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பது அங்கேயும் உண்டு. ஆனால் குழுவுக்கென்று சேமிப்பு இல்லை, நோட்டு இல்லை. யாருக்கு எவ்வளவு என்று குழு கூடி முடிவு செய்வதும் இல்லை. ரைபைசன் சொன்னதில் பாதியை, அதுவும் கஷ்டமான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம். அப்படிப்பட்ட குழுவில் உங்கள் வீட்டுப் பெண்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வட்டி வருஷத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

நிலம் இல்லாதவர்கள் சேர்ந்து நடத்துகிற சுய உதவிக் குழுவுக்கு நம்ம தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் இப்போது கடன் கொடுக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு போய்ச் செயலாளரைப் பாருங்கள்.